கேபின் பணியாளரின் கடமையும் நீரஜா பனோட்டின் துணிவும்: விமானப் பயணிகளுக்கு ஒரு திறந்த மடல்



1986ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் கராச்சி விமான நிலையத்தில் ஆயுதம் தாங்கியோரால் கைப்பற்றப்பட்ட பான் ஆம் 73 விமானத்தில் உயிர்நீத்த நீரஜா பனோட்டின் பெயர் இந்திய வாசகர்களுக்குப் புதிதன்று. இந்திய அரசின் அசோகச் சக்கர விருது, 2004இல் வெளியிடப்பட்ட அஞ்சல்தலை, 2016இல் ராம் மாத்வானியின் இயக்கத்தில் சோனம் கபூர் நடித்து வெளிவந்த இந்தித் திரைப்படம் ஆகியவற்றின் வழியே அவர் நாடறிந்த வீராங்கனையாகியிருக்கிறார். ஆனால் அவரைப் பற்றிய புகழுரைகள் பலவும் அவரது துணிவை ஒரு தனிமனிதரிடம் பிறவியிலேயே அமைந்த அரிய பண்பாகப் போற்றுகின்றனவே தவிர, அத்துணிவு எந்தத் தொழிலின் கடமையாக வெளிப்பட்டது, எந்தப் பயிற்சி அதற்கு வடிவம் தந்தது, எத்தகைய சக பணியாளர்கள் அதற்குத் துணைநின்றனர் என்பவற்றைப் பெரும்பாலும் கூறாமலே விட்டுவிடுகின்றன. அன்று காப்பாற்றப்பட்டவர்கள் பயணிகள். அவர்களைக் காப்பாற்றிய தொழிலின் இயல்பை இன்றளவும் சரியாக அறிந்துகொள்ளாதவர்களும் பயணிகளே. ஆகவே இம்மடல் அரசுக்கோ விமான நிறுவனங்களுக்கோ அல்லாமல் பயணிகளுக்கே எழுதப்படுகிறது.

பம்பாயிலிருந்து புறப்பட்டு, கராச்சி, பிராங்க்பர்ட் வழியாக நியூயார்க் செல்லவேண்டியிருந்த அவ்விமானம் போயிங் 747 வகையைச் சேர்ந்தது. கராச்சியில் இறங்கவேண்டியோர் இறங்கி, புதிய பயணிகள் ஏறிக்கொண்டிருந்த அதிகாலை 6 மணியளவில், விமான நிலையப் பாதுகாப்புக் காவலரைப் போல உடையணிந்த நால்வர், பாதுகாப்புப் பிரிவின் வாகனத்தைப் போல ஒப்பனை செய்யப்பட்ட ஒரு வேனில் வந்து, ஏணிப்படி வழியாகச் சுட்டுக்கொண்டே விமானத்துக்குள் நுழைந்தனர். அபு நிதால் அமைப்பு என அறியப்பட்ட பாலஸ்தீனத் தீவிரவாதக் குழுவைச் சேர்ந்த அவர்கள், விமானத்தைச் சைப்ரஸுக்குக் கொண்டுசென்று, அங்குச் சிறையிலிருந்த பாலஸ்தீனர்களை விடுவிக்கச் செய்யத் திட்டமிட்டிருந்தனர். அவ்வேளை விமானத்தில் பயணிகளும் பணியாளர்களுமாகச் சுமார் 380 பேர் இருந்தனர்.

நுழைந்தவர்கள் விமானி அறையை அடைவதற்கு முன்னரே, கடத்தலைக் குறிக்கும் எச்சரிக்கைக் குறிச்சொல் கேபின் பணியாளர்களிடமிருந்து விமானிகளுக்கு எட்டிவிட்டது. விமானி, துணை விமானி, விமானப் பொறியாளர் ஆகிய மூவரும் விமானி அறையின் கூரையிலுள்ள அவசரத் திறப்பின் வழியாக, அதற்கென அமைக்கப்பட்ட கம்பிக் கயிறுகளைப் பற்றி வெளியே இறங்கித் தப்பினர். பயணிகளை விட்டுவிட்டு விமானிகள் ஓடிவிட்டனர் என்ற குற்றச்சாட்டு அக்காலத்தில் எழுந்ததுண்டு. ஆனால் இச்செயலை அஞ்சி ஓடியதாகக் கொள்வது நடந்ததன் தருக்கத்தை அறியாதோரின் தீர்ப்பு. தரையில் நிற்கும் விமானம் கடத்தப்படும்போது அதை ஓட்டக்கூடியவர்கள் இல்லாமற்போனால், கடத்தல்காரர்களின் திட்டம் அந்த இடத்திலேயே முடங்கிவிடுகிறது. விமானம் வானில் ஏறாத வரையில் பேச்சுவார்த்தைக்கும் மீட்பு நடவடிக்கைக்கும் வாய்ப்பு எஞ்சியிருக்கிறது. ஆகவே விமானிகள் வெளியேறியது விமானத்தைத் தரையோடு பிணைத்துவைத்த செயலாகும். அதே வேளையில் அச்செயலுக்கு ஒரு விலையும் இருந்தது: விமானத்துக்குள் எஞ்சியிருந்தோரின் பொறுப்பு முழுவதும் கேபின் பணியாளர்களின் தோளில் விழுந்தது, அவர்களுள் தலைமைப் பதவியில் இருந்தவர், 23ஆம் பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு நாளே இருந்த நீரஜா.

அவர் வகித்த பதவிக்குப் பர்சர் என்று பெயர். பயணிகள் அமரும் பகுதியான கேபினில் பணியாற்றுவோர் அனைவருக்கும் தலைவராக இருந்து, அவர்களுக்குப் பணிகளைப் பகிர்ந்தளித்து, விமானிகளுக்கும் கேபினுக்கும் இடையே தொடர்பாளராக விளங்குபவரே பர்சர். சண்டிகரில் பிறந்து, பம்பாயில் தூய சவேரியார் கல்லூரியில் பயின்று, விளம்பரங்களில் தோன்றும் மாடலாகப் பெயர்பெற்றிருந்த நீரஜா, இந்தியத் தடத்தில் இந்தியப் பணியாளர்களை அமர்த்த பான் ஆம் நிறுவனம் முடிவுசெய்த 1985ஆம் ஆண்டில் அப்பணிக்கு விண்ணப்பித்தார்; அமெரிக்காவின் மயாமி நகரில் பயிற்சி பெற்றுப் பர்சராகத் திரும்பினார். அதே ஆண்டில் நிகழ்ந்த அவரது திருமணம், வரதட்சணை நெருக்கடியால் இரண்டே மாதங்களில் முறிந்து, அவர் பெற்றோர் இல்லத்துக்குத் திரும்பியிருந்தார். கராச்சியில் அவருடன் இருந்த பணியாளர் பலரும் அவரைப் போலவே, பணியில் சேர்ந்து நெடுங்காலம் ஆகாத இளம் இந்தியர்களே என்பது கருதத்தக்கது. நெடுநாள் அனுபவம் அளிக்கும் மனவுறுதி அவர்களிடம் இருந்திருக்க வழியில்லை. பயிற்சியில் கற்றவையும் ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையுமே அவர்களின் கைப்பொருள்.

விமானிகள் தப்பிவிட்டதை அறிந்த கடத்தல்காரர்கள், புதிய விமானிகளை அனுப்புமாறு கெடு விதித்தனர். பான் ஆம் நிறுவனத்தின் கராச்சிப் பொறுப்பாளர் விமானத்தின் அருகே நின்று ஒலிபெருக்கியின் மூலம் பேச்சு நடத்திக்கொண்டிருந்த சில மணி நேரத்துக்குள், அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்த இந்திய வம்சாவளி இளைஞர் ஒருவரை அவர்கள் வாசலுக்கு இழுத்துவந்து, சுட்டு, ஓடுதளத்தில் வீழ்த்தினர். அமெரிக்க நிறுவனத்தின் விமானத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அமெரிக்கர்களையே முதற்பலியாக்க விரும்புகின்றனர் என்பது இதனால் தெளிவாயிற்று. பின்னர், பயணிகள் அனைவரின் கடவுச்சீட்டுகளையும் திரட்டித் தருமாறு கேபின் பணியாளர்களுக்கு ஆணையிட்டனர்.

இந்த ஆணையை எதிர்கொண்ட விதத்திலேயே அப்பணியாளர்களின் துணிவு முழுமையாக வெளிப்பட்டது எனலாம். வெளிப்படையாக மறுத்திருந்தால் மறுத்தவர் கொல்லப்பட்டிருப்பார். கடவுச்சீட்டுகளை வேறு யாரேனும் திரட்டியிருப்பர். அப்படியே பணிந்திருந்தால் நாற்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பிரித்தெடுக்கப்பட்டிருப்பர். பணியாளர்கள் இவ்விரண்டையும் செய்யவில்லை. ஆணைக்குப் பணிந்தவர்களைப் போலவே இருக்கை வரிசைகளின் ஊடே நடந்து கடவுச்சீட்டுகளைப் பெற்றுக்கொண்ட அவர்கள், அமெரிக்கக் கடவுச்சீட்டுகளை மட்டும் தனியே பிரித்து, இருக்கைகளின் அடியிலும் குப்பைப் போக்கிகளிலும் மறைத்துவிட்டு, எஞ்சியவற்றை மட்டும் ஒப்படைத்தனர். துப்பாக்கி முனையில், ஒவ்வொரு கடவுச்சீட்டின் அட்டையையும் ஒரு நொடியில் அடையாளங்கண்டு, முகத்தில் மாறுதல் ஏதும் தோன்றாமல், ஒருவர் செய்வதை மற்றவர் சொல்லாமலே புரிந்துகொண்டு செய்யப்பட்ட செயல் அது. ஒருவர் பிடிபட்டிருந்தாலும் அனைவரும் அகப்பட்டிருப்பர். அமெரிக்கக் கடவுச்சீட்டு கிடைக்காத நிலையில் பிரிட்டிஷ் பயணி ஒருவர் முன்னே அழைக்கப்பட்டு, நெடுநேரம் மண்டியிட வைக்கப்பட்டார். அவரும் உயிர் பிழைத்தார். அமெரிக்கப் பயணிகளுள் அன்று உயிரிழந்தோர் இருவர். அவர்களுள் ஒருவர், கடவுச்சீட்டுகள் திரட்டப்படுவதற்கு முன்பே வாசலில் சுடப்பட்ட அந்த இளைஞர்.

பகல் முழுவதும் நீண்ட அக்காவலின்போது பணியாளர்கள் பயணிகளுக்குத் தண்ணீரும் உணவும் கொடுத்தனர். அழும் குழந்தைகளை அமைதிப்படுத்தினர். கடத்தல்காரர்களின் சினம் எவர்மீதும் திரும்பாதவாறு அவர்களுடன் பேசிக்கொண்டிருந்தனர். வழக்கமான நாளில் உபசரிப்பு என்று கருதப்படும் இச்செயல்கள், பணயக்கைதிகளாகச் சிக்கிய நூற்றுக்கணக்கானோரின் அச்சம் கட்டுமீறி, அதுவே ஒரு துப்பாக்கிச் சூட்டுக்குக் காரணமாகிவிடாமல் தடுக்கும் பாதுகாப்பு நடவடிக்கைகளாக அன்று மாறின. தட்டு ஏந்திய கையே காவற்கையாகவும் செயற்பட்டது. அவ்விரண்டும் வெவ்வேறு பணிகளல்ல என்பதைக் கராச்சி நிகழ்ச்சி ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது.

இரவு வந்தபோது நிலைமை முற்றிலும் மாறியது. விமானம் தரையில் நிற்கையில் அதன் விளக்குகளுக்கும் காற்றுப்பதனத்துக்கும் மின்சாரம் தருவது, வாற்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கும் துணை மின்னாக்கி என்னும் சிறிய எஞ்சின். நாள் முழுவதும் ஓடிய அது நின்றுபோக, விளக்குகள் மங்கி அணைந்தன. தாக்குதல் தொடங்கிவிட்டது எனக் கருதிய கடத்தல்காரர்கள், ஓரிடத்தில் திரட்டி உட்காரவைக்கப்பட்டிருந்த பயணிகள்மீது கண்மூடித்தனமாகச் சுட்டனர், கையெறிகுண்டுகளையும் வீசினர். கடத்தல் தொடங்கிச் சுமார் 16 மணி நேரம் கழிந்திருந்தது. வெளியிலிருந்து உதவி வந்து சேரும்வரை காத்திருக்க இயலாத நிலையில், இருட்டிலும் புகையிலும் பணியாளர்களும் சில பயணிகளும் அவசரக் கதவுகளைத் திறந்தனர். சில கதவுகளில் காற்றடைத்து விரியும் சறுக்குப்பாதைகள் விரிந்தன; இறக்கைமேல் திறந்த கதவின் வழியே வெளியேறியோர், அவ்வளவு உயரத்திலிருந்து தரையில் குதிக்கவேண்டியதாயிற்று.

கதவைத் திறந்தவர் முதலில் வெளியேறுவது எளிது. அவருக்கும் வெளியுலகுக்கும் இடையே வேறெவரும் இல்லை. நீரஜா வெளியேறவில்லை. பயணிகளை வெளியேற்றுவதில் ஈடுபட்டிருந்த அவர், மூன்று குழந்தைகளைக் குண்டுகளிலிருந்து காக்க முயன்றபோது சுடப்பட்டார் என்று பரவலாகப் பதிவாகியிருக்கிறது. சக பணியாளர்கள் அவரை விமானத்திலிருந்து வெளியே கொண்டுவந்தபோதிலும் அவரது உயிரைக் காக்க இயலவில்லை. அன்று பயணிகளும் பணியாளர்களுமாகக் குறைந்தது 20 பேர் இறந்தனர். 100க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஆனால் இருட்டில், நான்கு துப்பாக்கிகளுக்கு இடையே சிக்கியிருந்த 300க்கும் மேற்பட்டோர் உயிருடன் வெளியேறினர் என்பதே அந்த இரவைப் பற்றிய முதன்மையான செய்தி.

இந்திய அரசு, அமைதிக்கால வீரச்செயல்களுக்கு வழங்கும் மிக உயர்ந்த விருதாகிய அசோகச் சக்கரத்தை 1987இல் நீரஜாவுக்கு, அவரது மறைவுக்குப் பின், வழங்கியது. அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவர். பாகிஸ்தான் அரசும் அவரைச் சிறப்பித்தது. இரு நாடுகளுக்கும் இடையேயான உறவின் வரலாற்றில் இத்தகைய ஒருமித்த மதிப்பு அரிது. அவரது காப்பீட்டுத் தொகையையும் பான் ஆம் நிறுவனத்தின் பங்களிப்பையும் கொண்டு குடும்பத்தார் நிறுவிய அறக்கட்டளை இரு விருதுகளை வழங்கிவந்தது: ஒன்று, கடமையின் எல்லைக்கு அப்பாலும் சென்று செயற்பட்ட விமானப் பணியாளருக்கு, மற்றொன்று, சமூக அநீதியை எதிர்கொண்டு மீண்டு, தம்மைப் போன்ற பிற பெண்களுக்கும் துணைநின்ற இந்தியப் பெண்ணுக்கு. மாமியார் வீட்டு நெருக்கடியிலிருந்து வெளியேறிய துணிவையும் கராச்சியில் வெளியேற மறுத்த துணிவையும் ஒரே வாழ்வின் இரு செயல்களாகக் கண்ட பெற்றோரின் தெளிவு இவ்விரு விருதுகளில் புலப்படுகிறது.

கராச்சி தனித்த நிகழ்ச்சி அன்று. 1970ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், சோவியத் ஒன்றியத்தின் பத்தூமி நகரிலிருந்து சுகூமிக்குப் புறப்பட்ட ஏரோபிளாட் விமானத்தை ஒரு தந்தையும் மகனும் கைப்பற்ற முற்பட்டபோது, அவர்களை விமானி அறைக்குள் நுழையவிடாமல் தடுத்து நின்ற நதேஷ்தா குர்ச்சென்கோ என்னும் 19 வயதுப் பணிப்பெண் சுட்டுக்கொல்லப்பட்டார். 1985ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஏதென்ஸிலிருந்து ரோமுக்குச் சென்ற டி.டபிள்யூ.ஏ. 847 விமானம் கடத்தப்பட்டபோது, ஜெர்மனியில் வளர்ந்த பர்சர் ஊலி டெரிக்சன், கடத்தல்காரர்களுள் ஒருவருக்கு ஜெர்மன் மொழி தெரிந்திருந்ததைப் பயன்படுத்தி அவர்களுடன் இடைவிடாது பேசி வன்முறையைத் தணித்தார். அல்ஜியர்ஸில் எரிபொருளுக்குப் பணம் கேட்கப்பட்டபோது தமது கடன் அட்டையையே நீட்டினார். 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் கடத்தப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 11 விமானத்தின் பின்பகுதியிலிருந்து பெட்டி ஓங் என்னும் பணிப்பெண் தரையிலுள்ள அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, சக பணியாளர்கள் கத்தியால் குத்தப்பட்டதையும் விமானி அறையிலிருந்து பதில் வராததையும் 20 நிமிடங்களுக்கும் மேலாகத் தெரிவித்துக்கொண்டிருந்தார். மற்றொரு பணிப்பெண்ணான ஏமி ஸ்வீனி, கடத்தல்காரர்கள் அமர்ந்திருந்த இருக்கைகளின் எண்களைத் தரைக்குத் தெரிவித்தார். அன்றைய தாக்குதலைப் பற்றி வெளியுலகுக்குக் கிடைத்த முதற் செய்திகளுள் அவை அடங்கும்.

தடுத்தல், பேசித் தணித்தல், செய்தி சொல்லுதல், மறைத்தல், கதவு திறத்தல் எனச் செயல்கள் வேறுபட்டாலும் இவர்கள் அனைவரிடமும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எவரும் ஆயுதம் ஏந்தவில்லை. எவரும் திடீரெனப் பொங்கிய ஆவேசத்தால் செயற்படவில்லை. தம் கையிலிருந்த சிறிய வாய்ப்பு எதுவென்று கணித்து, அதைத் தமக்காகப் பயன்படுத்தாமல் பிறருக்காகப் பயன்படுத்தினர். துணிவு என்பதை அச்சமின்மை என வரையறுப்போர் இதைத் தவறவிடுகின்றனர். அச்சத்தின் நடுவிலும் கடமையின் வரிசை குலையாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியான முடிவுகளை எடுக்கும் ஆற்றலே இத்தொழிலில் துணிவு எனப்படும்.

அத்தொழில் தோன்றிய விதமும் இக்கருத்துக்கு அரணாக நிற்கிறது. 1930ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் அமெரிக்காவின் ஓக்லாந்திலிருந்து சிகாகோவுக்குச் சென்ற விமானத்தில் உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பயணம் செய்த எல்லன் சர்ச், பதிவுபெற்ற செவிலியர். அவருடன் முதலில் அமர்த்தப்பட்டோரும் செவிலியரே. பின்னர் விமான நிறுவனங்களிடையே போட்டி மிகுந்தபோது விளம்பரங்கள் பணிப்பெண்ணின் அழகையும் புன்னகையையும் விற்பனைப் பொருளாக்கின. பணி விதிகளும் அதற்கேற்பவே அமைந்தன. இந்தியாவில் ஏர் இந்தியா பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வுபெறவேண்டும், பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்துகொண்டாலோ முதல் முறை கருவுற்றாலோ பணியிலிருந்து நீங்கவேண்டும் என்ற விதிகள் இருந்தன. நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கருவுற்றால் பணிநீக்கம் என்ற விதி பெண்மைக்கே இழிவு செய்வது எனக் கண்டு அதை நீக்கியது. எனினும் திருமணத்தைப் பற்றிய நான்காண்டுத் தடையை ஏற்றுக்கொண்டது. கராச்சி நிகழ்ச்சி நடந்தது இத்தீர்ப்புக்கு ஐந்தாண்டுகளுக்குப் பின். திருமணமானவரா, இளமை குன்றாதவரா என்று பார்த்து அளக்கப்பட்ட ஒரு தொழில், ஒரு விமானத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்கவல்லது என்பதை அந்நிகழ்ச்சி மெய்ப்பித்தது.

ஒழுங்குமுறைகள் இன்று பயணிகளின் பொதுப்பார்வையைக் காட்டிலும் முன்னேறியிருக்கின்றன. ஒரு விமானத்தில் எத்தனை கேபின் பணியாளர் இருக்கவேண்டும் என்பதை உணவு பரிமாறும் தேவை தீர்மானிப்பதில்லை. 50 இருக்கைகளுக்கு ஒருவர் என்ற குறைந்தபட்ச விதி, அவசரக் காலத்தில் வெளியேற்றுவதற்குத் தேவையானோரைக் கொண்டு வகுக்கப்பட்டது. 44க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட விமானம் ஒன்றுக்குச் சான்றளிக்கப்படும்போது, அதன் அவசரக் கதவுகளில் பாதியை மட்டும் பயன்படுத்தி, அனைவரையும் 90 நொடிகளில் வெளியேற்ற முடியும் என்று காட்டவேண்டும். தீயணைப்பு, முதலுதவி, கதவுகளையும் சறுக்குப்பாதைகளையும் இயக்குதல், வன்முறையாளரைக் கட்டுப்படுத்துதல் ஆகியவற்றில் பயிற்சி பெற்றுத் தேர்ச்சி காட்டாதவர் கேபின் பணியில் அமர்த்தப்படுவதில்லை. அப்பயிற்சியும் குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது.

2001ஆம் ஆண்டின் தாக்குதல்களுக்குப் பின் நிகழ்ந்த ஒரு மாற்றம் இங்குச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. அதற்கு முந்திய காலத்தில், கடத்தல்காரருடன் ஒத்துழைத்துக் காலத்தை நீட்டித்து, விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்குவதே பொதுவான உத்தியாகக் கருதப்பட்டது. விமானத்தையே ஆயுதமாக்கும் நோக்கம் வெளிப்பட்டபின் அந்த உத்தி பொருளிழந்தது; விமானி அறையின் கதவு குண்டு துளைக்காத வகையில் வலுப்படுத்தப்பட்டு, பறக்கும் நேரம் முழுவதும் பூட்டியே வைக்கப்படுகிறது. கேபினில் என்ன நேர்ந்தாலும் அக்கதவு திறக்கப்படாது என்பதே இன்றைய பாதுகாப்பின் அடிப்படை. இதன் விளைவு, கராச்சியில் ஒரு நாள் தற்செயலாக அமைந்த நிலை இன்று ஒவ்வொரு பயணத்துக்கும் விதியாகிவிட்டது: கதவின் ஒரு பக்கத்தில் விமானிகள், மறுபக்கத்தில் பயணிகளும் அவர்களைக் காக்கும் பொறுப்புடைய கேபின் பணியாளர்களும் மட்டுமே. அந்தப் பக்கத்தில் நேரும் எதற்கும் முதலில் முகங்கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

சட்டமும் தன் பங்கை ஓரளவு ஆற்றியிருக்கிறது. 1970ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, விமானக் கடத்தலைக் கடுந்தண்டனைக்குரிய குற்றமாக்கி, குற்றவாளியைப் பிடித்த நாடு அவரை ஒப்படைக்கவேண்டும் அல்லது தன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கவேண்டும் என்ற கடப்பாட்டை விதித்தது. இந்தியா 1982இல் இயற்றிய கடத்தல் தடுப்புச் சட்டத்தை நீக்கிவிட்டு 2016இல் மேலும் கடுமையான புதிய சட்டத்தைக் கொண்டுவந்தது. கராச்சிக் கடத்தல்காரர்களுக்குப் பாகிஸ்தான் நீதிமன்றம் 1988இல் விதித்த மரணதண்டனை பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அவர்களின் தலைவனாகிய சபாரினி, 2001இல் பாகிஸ்தான் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டவுடன் அமெரிக்க அதிகாரிகளால் பிடிக்கப்பட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2004இல் 160 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். தொடர்புடைய மற்ற நால்வர் 2008இல் பாகிஸ்தான் சிறையிலிருந்து வெளிவந்தனர். அவர்களைப் பற்றித் தகவல் தருவோருக்கு அமெரிக்கா பெருந்தொகையைப் பரிசாக அறிவித்தது. நீதி முழுமை பெறவில்லை என்ற உறவினரின் குறை நியாயமானது.

ஆயினும் சட்டமும் பூட்டிய கதவும் பயிற்சியும் ஓர் எல்லை வரையிலேயே பயன்தரும். அந்த எல்லைக்கு அப்பால் பயணிகளின் ஒத்துழைப்பே உயிர்களைக் காக்கிறது. 2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் 516 விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவற்படை விமானத்துடன் மோதித் தீப்பற்றியபோது, சிறிய விமானத்தில் இருந்தோருள் ஐவர் இறந்தனர். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் வெளியேறி உயிர் தப்பினர். அறிவிப்புக் கருவி செயலிழந்த நிலையில் கேபின் பணியாளர்கள் கையொலிபெருக்கியாலும் குரலாலும் கட்டளையிட்டு, நெருப்பில்லாத கதவுகளை மட்டும் தேர்ந்து திறந்தனர். பயணிகள் தம் பைகளை மேலடுக்கிலேயே விட்டுவிட்டுச் சொன்னபடி நடந்தனர். பணியாளரின் தேர்ச்சியும் பயணிகளின் கட்டுப்பாடும் ஒன்றையொன்று சந்தித்ததன் விளைவு அது.

இந்நிலையில் ஒரு மறுப்பையும் எடைபோடவேண்டும். உணவுத் தட்டை நீட்டும் இளம் பணியாளர் ஒருவரிடம் உயிர்த்தியாகத்தை எதிர்பார்ப்பது முறையா என்று கேட்கலாம். முறையன்று என்பதே விடை. தியாகத்தை எந்தப் பணி ஒப்பந்தமும் கோரமுடியாது. நீரஜா கடைசியில் செய்தது கடமையின் எல்லையைக் கடந்தது, ஆகவேதான் அது போற்றப்படுகிறது. ஆனால் அதற்கு முந்திய பதினாறு மணி நேரமும் அவரும் அவருடைய குழுவினரும் செய்தவை கடமையின் எல்லைக்குள் அடங்கியவை. உயிர் பிழைத்தோரின் எண்ணிக்கைக்குப் பெருங்காரணமாக அமைந்தவையும் அவையே. முன்னதை வியந்து பின்னதை மறப்பது, தொழிலைத் தாழ்த்தித் தனியொருவரை உயர்த்தும் வழக்கமாகும். அவ்வழக்கத்தினால்தான், நீரஜாவின் திரைப்படத்தைக் கண்டு கண்ணீர் விட்டவரும் அடுத்த பயணத்தில் பணிப்பெண்ணைச் சொடுக்குப் போட்டு அழைக்க முடிகிறது.

அத்தகைய நடத்தை வெறும் நாகரிகக் குறைவு அன்று. விதிமீறலாகவும் அது முடியக்கூடும். இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017இல் வகுத்த விதிகளின்படி, சொல்லால் தொல்லை தரும் பயணிக்கு மூன்று மாதம் வரையும், உடல்ரீதியாகத் தொல்லை தருபவருக்கு ஆறு மாதம் வரையும், உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் நடப்பவருக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ பறக்கத் தடை விதிக்கப்படலாம். பணியாளரின் கவனமும் மனவமைதியும் விமானத்திலுள்ள அனைவருக்கும் பொதுவான பாதுகாப்பு வளம் என்பதும், அதைக் குலைப்பவர் தம்மோடு அமர்ந்திருக்கும் அனைவருக்கும் இடர் விளைவிக்கிறார் என்பதும் இவ்விதிகளின் உட்பொருள்.

ஆகவே, பயணிகளே, உங்களிடம் இம்மடல் வேண்டுவது மிகச் சிலவே. விமானம் புறப்படுமுன் பணியாளர்கள் செய்துகாட்டும் பாதுகாப்பு விளக்கத்தைக் கைப்பேசியை விலக்கிவிட்டுக் கவனியுங்கள்; உங்கள் இருக்கைக்கு முன்னும் பின்னும் உள்ள அவசரக் கதவுகள் எத்தனை வரிசைத் தொலைவில் உள்ளன என்று எண்ணிவையுங்கள்; விளக்கணைந்தால் அந்த எண்ணிக்கையே உங்களுக்கு வழிகாட்டும். இருக்கைப் பட்டையை அணியச் சொன்னால் அணியுங்கள். வெளியேறச் சொன்னால் பையை விட்டுவிட்டு வெளியேறுங்கள். பணியாளரை ஏவலாளாகக் கருதிப் பேசும் சகபயணியைக் கண்டால் மௌனம் காக்காதீர்கள். உங்கள் பிள்ளைகள் இப்பணியைத் தேர்ந்தெடுக்க விரும்பினால், அதைத் தோற்றத்துக்குரிய வேலையென்று தாழ்த்தாமல், தீயணைப்பாளர், செவிலியர், காவலர் ஆகியோரின் பணிகளுடன் ஒருங்கே வைத்து மதியுங்கள்.

நீரஜா பனோட்டுக்கு விருதுகளும் அஞ்சல்தலையும் திரைப்படமும் கிடைத்துவிட்டன. அவருடைய தொழிலுக்கு இன்னும் கிடைக்காதது பயணிகளின் மதிப்பு ஒன்றே. அதை வழங்க அரசாணை எதுவும் வேண்டியதில்லை, அடுத்த பயணத்திலேயே நீங்கள் வழங்கத் தொடங்கலாம்.